பெரிய டவர் ஸ்பீக்கர்: சவுண்ட் ஏத்தினா ரிசீவர் கட் ஆகுது, எந்த ஆம்ப் சேரும்?

கோவை_ஒலி

வணக்கம். ஹால் 20 × 14 அடி, உட்கார்ற இடம் ஸ்பீக்கர்ல இருந்து 11 அடி. ஏவி ரிசீவர் அட்டையில 100 வாட்னு இருக்கு. மேனுவல்ல சின்ன எழுத்துல "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும்". ஸ்பீக்கர் மூணு-வே டவர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு 8 இன்ச் வூஃபர் (பேஸ் யூனிட்). பின்பக்க லேபிள்: 4 ஓம், 2.83 வோல்ட்டுக்கு 88 டெசிபல், 150 வாட். வயர் பக்கத்துக்கு 10 மீட்டர், 0.75 ஸ்கொயர். சப்வூஃபர் இல்ல.

வால்யூம் -15 வரைக்கும் பிரச்சினை இல்ல. அதை நெருங்கும்போதே ட்வீட்டர் (கீச்சு ஒலி யூனிட்) காதைக் குத்த ஆரம்பிக்குது. தாண்டினா அடுத்த பேஸ் டிரம் அடியில ரிலே டக்னு விழுந்து டிஸ்ப்ளேல ப்ரொடெக்ட் வருது. மெனுவுல 4 ஓம்னு மாத்தினா சரியாகுமா? சும்மா இருக்கிற ரெண்டு சேனலை வச்சு பை-ஆம்ப் (ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் வூஃபருக்கு ஒரு சேனல், மேல் யூனிட்டுக்கு ஒரு சேனல்) பண்ணலாமா? 150 வாட் ஸ்பீக்கருக்கு 250 வாட் ஆம்ப் வச்சா எரிஞ்சிடுமா?

ஈயப்பற்று

ஆம்ப் வாங்குறதை ரெண்டு நாள் தள்ளி வைங்க. முதல்ல ரெண்டு அளவு எடுக்கணும், ஒரு மல்டிமீட்டர் போதும்.

ரிசீவர் பிளக்கைப் பிடுங்கிட்டு, ரிசீவர் பக்கம் வயரைக் கழட்டுங்க. மீட்டர் 200 ஓம் ரேஞ்ச். ப்ரோப் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட வச்சு வர்ற அளவை எல்லா ரீடிங்லயும் கழிக்கணும், சாதாரண மீட்டர்ல 0.3 வரைக்கும் காட்டும். வயரோட ரிசீவர் முனையில ஒரு ரீடிங், வயரைக் கழட்டிட்டு ஸ்பீக்கர் டெர்மினல்லயே ஒரு ரீடிங். அப்படியே டார்ச் அடிச்சு டெர்மினலைப் பாருங்க. ஒரே ஒரு செம்பு இழை பிரிஞ்சு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் இதே ப்ரொடெக்ட் வரும்.

அடுத்தது வோல்ட்டேஜ். 120 ஹெர்ட்ஸ், -12 டெசிபல் சைன் டோன் ஒரு ஃபைலா எடுத்துக்குங்க. வழக்கமான பாட்டைப் போட்டு, கட் ஆகாம எவ்வளவு ஏத்த முடியுமோ அங்க வால்யூமை நிறுத்துங்க. ரிசீவரை ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, அதே வால்யூம்ல டோனை ஓட விட்டு ரிசீவர் டெர்மினல்ல ஏசி வோல்ட் அளந்து சொல்லுங்க. 120 ஹெர்ட்ஸ் ஏன்னா, விலை குறைஞ்ச மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல தப்பாக் காட்டும்.

கோவை_ஒலி

அளந்துட்டேன். ப்ரோப் கழிச்சு: ஸ்பீக்கர் டெர்மினல்ல 3.2, வயர் முனையில 3.7. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இழை எதுவும் பிரியல. டோன் வச்சு ஏசி 7.2 வோல்ட்.

ஈயப்பற்று

விடை இதுலயே இருக்கு. -12 டெசிபல்ங்கிறது முழு அளவுல நாலுல ஒரு பங்கு வோல்ட்டேஜ். அதனால பாட்டோட உச்சத்துல நீங்க கேக்குறது 7.2 × 4 = 28.8 வோல்ட். உங்க ரிசீவரோட 100 வாட், 6 ஓம்னா 24.5 வோல்ட்தான், அதுவும் ஒரு சேனல் மட்டும் ஓடும்போது. மிச்சம் வெட்டுப்படுது. காதைக் குத்துறது அந்தக் கிளிப்பிங்தான்.

கரண்ட் கணக்கு இன்னும் மோசம். ஸ்பீக்கருக்கான ஐஇசி 60268-5 தரநிலைப்படி 4 ஓம்னு போட்டிருந்தா இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரோட ஏசி எதிர்ப்பு, ஹெர்ட்ஸுக்கு ஏத்த மாதிரி மாறும்) 3.2 வரைக்கும் இறங்கலாம், டவர் ஸ்பீக்கர்ல அது பெரும்பாலும் பேஸ் டிரம் அடிக்கிற பகுதியிலதான் நடக்கும். 28.8 வோல்ட்டோட உச்சம் 40.7. அதை 3.2 ஆல வகுத்தா 12.7 ஆம்பியர், ஒரு பக்கத்துக்கு மட்டும். 6 ஓமுக்குச் செஞ்ச ரிசீவர்ல ப்ரொடெக்ட் விழாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

மெனுவுல 4 ஓம் போட்டா பெரும்பாலான ரிசீவர்ல உள்ள சப்ளை வோல்ட்டேஜ் குறையும், அவ்வளவுதான். சூடு குறையும், கிளிப்பிங் இன்னும் முன்னாடியே வரும். பை-ஆம்ப்ல நாலு சேனலும் அதே ஒரு ட்ரான்ஸ்பார்மர்ல இருந்துதான் கரண்ட் எடுக்கும். வூஃபருக்குப் போற சேனல் அதே 3.2 ஓமைத்தான் பார்க்கும், அதனால பலன் இல்ல. பண்ணிப் பார்க்கணும்னு தோணினா, ஸ்பீக்கருக்குப் பின்னாடி ரெண்டு ஜோடி டெர்மினலையும் இணைக்கிற ஜம்பர் பட்டையைக் கழட்டாம பண்ணாதீங்க. ரெண்டு சேனல் அவுட்புட்டும் ஒண்ணா ஷார்ட் ஆகும்.

வயரையும் மாத்துங்க. 0.75 ஸ்கொயர் போக வர 20 மீட்டருக்கு 0.5 ஓம், உங்க மீட்டர் அதை அப்படியே காட்டியிருக்கு. இம்பீடன்ஸ் இறங்குற இடத்துல சுமார் 1.3 டெசிபல் வயர்லயே போயிடும், உயரமா இருக்கிற இடத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே போகாது. ஸ்பீக்கரோட டோனே மாறிடும். 4 ஸ்கொயர் செம்பு போட்டா மொத்தம் 0.1 ஓம். ஆனா வயர் மட்டும் மாத்தினா ப்ரொடெக்ட் நிக்காது. அந்த அரை ஓம் போனதும் ரிசீவருக்குச் சுமை கூடும், இன்னும் சீக்கிரமே கட் ஆகலாம்.

மின்னோட்டம்

ஆம்ப் தேர்வு பற்றி. 28.8 வோல்ட் என்றால் 4 ஓமில் 207 வாட். எனவே 4 ஓமில் சேனலுக்கு 250 வாட், இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் தரக்கூடியது வேண்டும். அதற்காக இப்போதுள்ளதைவிட இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதே வால்யூமில் டிரம் அடி வெட்டுப்படாமல் முழுதாக வரும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். லேபிளில் உள்ள 88-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். ஒரு வாட்டுக்குக் கணக்கிட்டால் 85.

ஹைபெக்ஸ் என்சி252எம்பி மாட்யூல் வைத்த ஆம்ப் சரியாகப் பொருந்தும்: 4 ஓமில் 2 × 250 வாட். செலவைக் குறைக்க வேண்டுமானால் டிபிஏ3255 சிப் போர்டு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 4 ஓமில் 315 வாட் என்பது 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்). 1 சதவீதத்தில் 260. அதுவும் 51 வோல்ட் கொடுத்தால். கூடவே வரும் 48 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் இரண்டு சேனலுக்கும் சேர்த்தே 240 வாட்தான் தரும். 48 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளை தனியாக வாங்குங்கள்.

எந்த ஆம்பையும் பிரிட்ஜ் செய்ய வேண்டாம் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது). ஒவ்வொரு பாதியும் 2 ஓமைப் பார்க்கும்.

150 வாட் ஸ்பீக்கர் எரியுமா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டின் சராசரி பவர் உச்சத்தைவிட மிகக் குறைவு. ட்வீட்டருக்குப் போவது சில வாட்தான். கிளிப் ஆகும் சிறிய ஆம்பில் அந்தச் சராசரி ஏறிக்கொண்டே போகும், ட்வீட்டர் பங்கும் சேர்ந்து ஏறும். இப்போது உங்கள் ட்வீட்டர் இருக்கும் நிலைதான் ஆபத்து. பெரிய ஆம்பிலும், காதைக் குத்தும் சத்தம் வந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

இணைப்பு: ரிசீவரின் ஃப்ரண்ட் பிரீ-அவுட்டிலிருந்து (வெளி ஆம்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட்) பவர் ஆம்புக்கு ஆர்சிஏ கேபிள். ஆன் செய்யும்போது ரிசீவர் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில். பிறகு ரிசீவரின் மைக் செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள், ஃப்ரண்ட் லெவல் மாறியிருக்கும்.

கோவை_ஒலி

என்சி252எம்பி ஆம்பும் 4 ஸ்கொயர் வயரும் போட்டாச்சு. -12 வரைக்கும் போயும் கட் ஆகல, காதைக் குத்தவும் இல்ல. ஆனா பாட்டு நின்னா ரெண்டு ஸ்பீக்கர்லயும் "ம்ம்ம்"னு ஹம். வால்யூமைக் குறைச்சாலும் குறையல. ஆம்போட எர்த் பின்னை எடுத்துட்டா போயிடும்னு எலக்ட்ரீஷியன் சொல்றார்.

ஈயப்பற்று

எர்த் பின்னைத் தொடவே தொடாதீங்க. ஆம்புக்குள்ள லீக் வந்தா அதோட உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும். வால்யூமுக்கு அசையாத ஹம்னா எர்த் லூப், அதாவது ரெண்டு வழியில எர்த் இணைஞ்சு நடுவுல கரண்ட் ஓடுது. கேபிள் டிவி செட்-டாப் பாக்ஸ் ரிசீவரோட இணைஞ்சிருக்கா? பாக்ஸோட பின்னாடி திருகியிருக்கிற கோஆக்ஸ் கேபிளை மட்டும் கழட்டிப் பாருங்க.

கோவை_ஒலி

கழட்டின நொடியே ஹம் நின்னுடுச்சு.

ஈயப்பற்று

அப்போ அந்தக் கோஆக்ஸ்ல ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் இணைப்பைத் துண்டிக்கிறது) போடுங்க. டிஷ்ஷா இருந்தா அது ஆகாது, எல்என்பிக்கு (டிஷ் முனையில இருக்கிற யூனிட்) போற வோல்ட்டேஜையும் சேர்த்து நிறுத்திடும். ரிசீவர், ஆம்ப், பாக்ஸ் மூணையும் ஒரே சுவிட்ச் போர்டுல மாட்டுங்க.