மூளை முடக்குவாதம் உள்ள மகள் ஹோமில் இருக்கிறாள், அப்பாவாகிய நான் கேட்டால் கொடுப்பார்களா?

ரிக்காரர்:
வணக்கம்ங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பதினொரு வருடமாக வேலை. கடைசியாக சத்தீஸ்கரில் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்கு 7 வயது, பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், சிபி என்கிறார்கள். உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள், பேச்சு இல்லை. குக்கர் விசில் அடித்தால் மட்டும் அப்படிச் சிரிப்பாள். நானும் மனைவியும் இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருக்கிறோம், கோர்ட்டுக்கு எதுவும் போகவில்லை. மகள் அவளிடம் இருந்தாள்.

போன மாதம் மில் வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டார் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல, குழந்தைகள் நலக் குழு பிள்ளையை எடுத்து ஹோமில் சேர்த்துவிட்டது. மனைவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை ஆளாக எத்தனை நாள் தூக்கிச் சுமப்பாள்?

ரயில் ஏறி வந்து பார்த்தேன். படுக்க வைத்தே கஞ்சி ஊட்டுகிறார்கள். அவளை நிமிர்த்தி மடியில் வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, ஸ்பூன் நுனியில்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புரையேறும். குழுவில் கேட்டால், ஊர் ஊராகப் போகிற ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்கிறார்கள். "ஹோமிலேயே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று அங்கே ஒருவர் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. ஊரில் என் அம்மா இருக்கிறார், அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. முதலில் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா?

சிபி பையனின் அம்மா:
கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே அண்ணா, அதுவே பெரிய காரியம். அது பிள்ளையைக் குழுவிடமே விட்டுவிடுகிற ஒப்படைப்புப் பத்திரமாக இருந்தால், மனம் மாற இரண்டு மாதம்தான். அதற்குப் பிறகு பிள்ளையைத் தத்துக் கொடுக்கவே வழி திறந்துவிடும்.

என் மகனையும் ஒருமுறை குழு முன்னால் நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பகலில் யார் கூட இருப்பார்? நான் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதிக் கொடுத்தேன். காலை வலிப்பு மருந்து யார் கொடுப்பது, பிசியோவுக்கு யார் தூக்கிப்போவது, எனக்குக் காய்ச்சல் வந்தால் யார். நீங்களும் எழுதுங்கள். அம்மாவையும் அக்காவையும் நேரில் கூட்டிப்போங்கள். ஊட்டுகிற முறையைத் தனி மனுவாக இன்றே கொடுத்து, ஹோமுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வழக்கறிஞர்:
குடும்ப நீதிமன்றம் இப்போதைக்கு வேண்டாம். 1956ஆம் வருடத்து இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி அப்பா என்ற முறையில் நீங்கள் இயற்கைக் காப்பாளர். உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிக் குழுவிடமே மனு கொடுக்கலாம். மனைவி எதிர்த்தால்தான் 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தில் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். அவர் சம்மதக் கடிதம் தந்தால் பாதி வேலை முடிந்தது.

மனுவில் இரண்டைக் கட்டாயம் எழுதுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 9: ஊனத்தைக் காரணம் காட்டி மட்டும் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பெற்றோரால் முடியாவிட்டாலும் முதலில் நெருங்கிய உறவினர், ஹோம் கடைசியில்தான். அப்புறம், 2015 இளைஞர் நீதிச் சட்டமும் நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. சமூக விசாரணை அறிக்கை 15 நாளில், இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள் வர வேண்டும். விசாரிக்க வருபவர் வீட்டைப் பார்ப்பார், அன்று வீட்டில் இருங்கள். மறுத்தால் உத்தரவின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் மகளுக்கு இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு, 15100க்குப் பேசுங்கள்.

வேலையைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்? அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ரிக்காரர்:
நன்றிங்க. முதலாளியிடம் பேசிவிட்டேன். இனி வண்டிக்குப் போகவில்லை, ஊரிலேயே அவருடைய பட்டறையில் வெல்டிங். சம்பளம் பாதிதான். மனைவிக்கும் போன் செய்தேன். ரொம்ப நேரம் அழுதாள், கடிதம் தருகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று கேட்டாள், நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக் காலை ஊட்டுகிற மனுவைக் கொடுக்கிறேன். அக்கா பையன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

சிபி பையனின் அம்மா:
மனுவில் இரண்டு நகல் எடுங்கள் அண்ணா, ஒன்றில் சீல் வாங்கி வையுங்கள். அவளுக்கு யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இருக்கிறதா?