தோரோட சுத்தியல் பேரு நம்ம 'மின்னல்'தானா?

பொருநைக்கரை:
அண்ணாச்சிமாரே, நெல்லையில எங்க வாசகர் வட்டத்துல அடுத்த கூட்டம் நார்ஸ் புராணம், அதான் ஸ்காண்டிநேவியாவோட பழைய கடவுள் கதைங்க. அதுல வர்ற இடிக்கடவுள் தோரோட சுத்தியல் 'மியொல்னிர்' நம்ம 'மின்னல்'ல இருந்து போன பேருன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லுதாரு. கேக்கவும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நம்பலாமா?

பாளைக்காரன்:
நம்பாதீங்க. பேரைப் பிரிச்சாலே தெரிஞ்சிரும். கடைசி 'ர்' பழைய நார்ஸ்ல ஆண்பால் எழுவாய் விகுதி. 'னிர்'னு சேந்து வந்தா 'அதைச் செய்யுறது'ன்னு பொருள். தோரோட அப்பா ஓதினோட வளையம் திரௌப்னிர், அதாவது சொட்டுவது. ஒன்பது ராத்திரிக்கு ஒருக்க அதே எடையில எட்டு வளையம் அதுல இருந்து சொட்டுமாம். அவரோட ஈட்டி குங்னிர், அதிர்வது.

அப்போ மியொல்னிர்ல வேர் 'மியொல்ல்', னகரம் விகுதியோடது. நம்ம மின்னல்ல நேர்த் தலைகீழ்: வேர் 'மின்', லகரம்தான் விகுதி. ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. காதை மட்டும் நம்பி வேர் தேடினா இப்படித்தான் சறுக்கும்.

நார்ஸ்ல 'மலா'ன்னா அரைக்கிறது, 'மியொல்' மாவு. நாம மாவு அரைக்கப் போற 'மில்'லும் அதே குடும்பம். ஆக, 'நொறுக்குவது'.

பேட்டை வாசகி:
பாளை அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா 'மின்னல்'ங்கிற பொருளை முழுசா ஒதுக்கிர வேண்டாம். ரஷ்ய மொழியில மின்னல் 'மோல்னியா', வெல்ஷ்ல 'மெல்ட்'. லாட்விய இடிக்கடவுள் பெர்கோன்ஸோட சுத்தியலுக்கே 'மில்னா'ன்னு பேரு. இதை வச்சு 'மின்னல் ஆயுதம்'னு சொல்லுற அறிஞர்களும் உண்டு. இன்னும் சிலர் 'மியொல்ல்', அதாவது புதுசா விழுந்த பொடிப்பனியைக் காட்டி, 'வெண்மையா ஒளிர்வது'ம்பாங்க.

எனக்கு 'நொறுக்குவது'தான் பொருத்தமாப் படுது. மேல இடி இடிக்குது, கீழ உரல்ல மாவு இடிக்கோம். ரெண்டுக்கும் நாம ஒரே சொல்லைத்தானே வச்சிருக்கோம்? மொழி உறவு கிடையாது, ஆனா எண்ணம் போற தடம் ஒண்ணு.

பொருநைக்கரை:
அருமை அக்கா! அந்தக் காலத்துல தோர் சுத்தியல் வடிவத்துல போட்ட தாயத்துகள்ல இந்தப் பேரு இருக்கா?

பாளைக்காரன்:
சுத்தியல் வடிவத் தாயத்து ஆயிரத்துக்கு மேல கிடைச்சிருக்கு. 2014ல டென்மார்க்ல கோபெலெவ் பக்கம் கிடைச்சதுல ரூன்ங்கிற அந்தக் கால நார்ஸ் எழுத்தே இருக்கு, பத்தாம் நூற்றாண்டுச் சாமான். ஆனா அதுல மியொல்னிர்னு இல்ல, 'இது சுத்தியல்'னுதான் இருக்கு. அதுலயும் 'ஹமர்'னு வெட்ட வேண்டியவர், முதல் அகரத்தை விட்டு 'ஹ்மர்'னு வெட்டிட்டார்.