மறுத்ததால் சிசிலி டைசன் இழந்தாரா?

அருண்மொழி:
அமெரிக்கக் கறுப்பின நடிகை சிசிலி டைசன் 2021 ஜனவரியில் 96 வயதில் மறைந்தார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வேடங்களை ஏற்கமாட்டேன் என்று வேலையில்லாமல்கூட இருந்தவர். எல்லோரும் அதைப் பாராட்டுகிறார்கள். எனக்கோ வருத்தம்தான் மிகுதி. 1972இல் வந்த 'சவுண்டர்' படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதன்பின் போட்டியில் ஒருமுறைகூட அவர் பெயர் வரவில்லை. 2018இல் கௌரவ விருது மட்டுமே. வந்த வாய்ப்பையெல்லாம் தள்ளினால் கலைஞர் எங்கே வளர்வது?

தாமரை:
வந்த வாய்ப்பை ஏற்றவரின் கதையையும் பாருங்கள், ஐயா. கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் பணிப்பெண் வேடத்துக்காக 1940இல் ஆஸ்கர் வென்றார். விருது வழங்கிய விருந்தில் அவரைச் சக நடிகர்களோடு உட்கார வைக்கவில்லை. சுவரோரம் தனி மேசை போட்டார்கள். விருது வாங்கிய பிறகும் அவருக்குப் பணிப்பெண் வேடங்களே வந்தன. அடுத்த கறுப்பின நடிகை ஆஸ்கர் பெற 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்றதால் எந்தக் கதவு திறந்தது?

சுந்தரம்:
மெக்டேனியலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டைசனும் பணிப்பெண்ணாக நடித்தவர்தானே? 2011இல் வந்த 'தி ஹெல்ப்' படத்தில் கான்ஸ்டன்டைன் என்ற பணிப்பெண்ணாக வந்தது யார்? 1994இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றதும் வீட்டுவேலை செய்யும் பெண்ணாக நடித்துத்தான். கொள்கை எங்கே போயிற்று?

தாமரை:
வேலை எதுவென்பதல்ல, அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்பதே அவர் பார்த்தது. 'சவுண்டர்' படத்தில் அவர் நடித்த ரெபெக்காவும் குத்தகை விவசாயியின் மனைவிதான், ஏழைதான். 1974இல் தொலைக்காட்சியில் வந்த 'மிஸ் ஜேன் பிட்மன்' படத்தைப் பாருங்கள். அடிமையாகப் பிறந்த ஜேனுக்கு இறுதியில் வயது 110. வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய குடிநீர்க் குழாயை நோக்கித் தடியூன்றி நடக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் நேரம் எடுக்கிறது, கேமரா அவசரப்படுவதில்லை. குனிந்து நீர் குடிக்கிறார், திரும்பி வருகிறார். அப்போது டைசனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அந்த நடையை மட்டும் நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் நடித்ததற்காக அவருக்கு இரண்டு எம்மி விருதுகள் கிடைத்தன.

சுந்தரம்:
இது நியாயமான பதில். கொள்கை எங்கே போயிற்று என்று கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன்.

அருண்மொழி:
நான் பெறவில்லை. மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1983க்குப் பிறகு நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் அவர் மீண்டும் நடித்தது 2013இல். முப்பது ஆண்டுகள்! ஒரு நடிகையின் முதிர்ந்த பருவம் முழுவதும் அதில் போய்விட்டது. ரசிகனாக அதை என்னால் தாங்க முடியவில்லை.

தாமரை:
அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அதை அவர் தலையில் கட்டாதீர்கள். அவருக்கேற்ற வேடங்களை எழுதாமலும் தயாரிக்காமலும் இருந்தவர்களிடம் கேளுங்கள். 2013இல் 'தி டிரிப் டு பவுண்டிஃபுல்' நாடகத்தில் கேரி வாட்ஸாக வந்தார். வெள்ளை நடிகைகள் நடித்துப் பெயர் பெற்ற வேடம் அது. அதில் பழைய தேவாலயப் பாடல் ஒன்றை அவர் பாடத் தொடங்கியதும் அரங்கில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். 88 வயதில் நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார்.

அருண்மொழி:
அந்தப் பாட்டைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: அந்தக் குரலை அரங்கில் முப்பது ஆண்டுகள் கேட்டிருக்க வேண்டும்.