"நேரத்துக்கொரு குணம்": அறிக்கையில எப்பிடி எழுதுறது?

கொக்குவில் வாசகி:
தரம் 5 பிள்ளை ஒண்டைப் பற்றிப் பெற்றோருக்கு அவதானிப்பு அறிக்கை எழுத வேணும். காலமை அமைதியாக் கணக்குச் செய்யிற பிள்ளை, இடைவேளை முடிஞ்சு வந்து அதே கணக்குக்குக் கொப்பியைத் தூக்கி எறியுது. அடுத்த நாள் ஒரு சிலமனும் இல்லை. "சீரற்ற நடத்தை" எண்டு எழுதலாமோ?

பனங்கூடல்:
வேண்டாம் ரீச்சர். "சீரற்ற காலநிலை" எண்டு செய்தியில கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லில "மோசமான" எண்ட பொருள் ஏறியிட்டுது. பிள்ளை கெட்டுப்போச்சு எண்டுதான் பெற்றோர் விளங்குவினம். பொம்பிளைப் பிள்ளையெண்டால் இன்னும் கவனம். "நடத்தை சரியில்லை" எண்டது எங்கட ஊரில வேற கதை. "நடந்துகொள்ளும் விதம்" எண்டு போடுங்கோ.

உங்களுக்குப் பொருத்தமான சொல் "தளம்பல்". அரைக்குடம் தண்ணியை இடுப்பில வைச்சு நடந்தால் அங்காலையும் இங்காலையும் அலையுமே, அதுதான். ஆனால் தனிய எழுதினால் "நிறைகுடம் தளம்பாது" ஞாபகம் வந்து அரைகுறை எண்டு தொனிக்கும். "மனநிலையில் சடுதியான தளம்பல்" எண்டு சேர்த்து எழுதினால் அந்தப் பழி வராது.

சொல்லாடி:
தளம்பல் சரி. ஆனால் இதில ரெண்டு விசயம் கலந்து கிடக்கு. முன்கூட்டிச் சொல்லேலாதது "எதிர்வுகூற முடியாதது". ஒரே சந்தர்ப்பத்தில வேற வேற மாதிரி நடக்கிறது "ஒருசீரில்லாதது". ஒரே பிழைக்கு இண்டைக்கு அடி, நாளைக்குச் சிரிப்பு எண்டு நடக்கிற பெரியவர் ஒருசீரில்லாதவர். இந்தப் பிள்ளை எறியிறதெல்லாம் இடைவேளைக்குப் பிறகுதான் எண்டால், அதை ஓரளவு எதிர்வுகூறலாம். பசியோ, விளையாட்டில வந்த சண்டையோ எண்டு பாக்க வேணும். "எழுமாறாக" எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அது சீட்டுக் குலுக்கி எடுக்கிற மாதிரி. காரணமே இல்லை எண்டாகியிடும்.

மற்றச் சொல்லுகள்: பேச்சு மாறினால் "முன்னுக்குப் பின் முரண்". சொல்லொண்டு செயலொண்டு எண்டால் குறள் 819 இல "வினைவேறு சொல்வேறு பட்டார்" எண்டு இருக்கு. "பச்சோந்தி" ஆதாயத்துக்கு நிறம் மாத்திற ஆளுக்கு, பிள்ளைக்குப் பொருந்தாது.

கொக்குவில் வாசகி:
"குழப்படி" எண்டு போட்டால்?

பனங்கூடல்:
அது வேணுமெண்டு செய்யிற குறும்பு. நீங்கள் சொல்லுறது அதில்லை. பெயர்ச்சொல் தேடுறதை விட எண்ணிக்கையை எழுதுங்கோ. ரெண்டு கிழமை குறிச்சு வைச்சுப்போட்டு இப்பிடி:

"கடந்த 10 பாடசாலை நாட்களில் 3 நாட்கள், இடைவேளையின் பின், கணித பாடவேளையில் கொப்பியை எறிந்தார். ஏனைய 7 நாட்களும் அதே பாடவேளையில் அமைதியாகச் செயற்பட்டார். மனநிலையில் சடுதியான தளம்பல் காணப்படுகிறது."

நாளும் நேரமும் மாறும். வசனத்தை இந்த ஒழுங்கிலயே வையுங்கோ. தளம்பல் கடைசியில வரட்டும், முதலில போட்டால் மிச்சத்தை ஆரும் வாசிக்க மாட்டினம்.