தண்டனை பெற்றவருக்காக வீடு வீடாகப் போகலாமா?

தண்டையார்பேட்டை சேகர்:
22 வருஷமாக எங்கள் வட்டத்தில் பூத் ஏஜென்ட்டாக உட்காருகிறேன். கட்சிப் பெயர் வேண்டாம். இந்த முறை சீட்டு வாங்கப்போகிறவர் என்று பேசப்படுபவருக்கு ஊழல் வழக்கில் தண்டனை ஆனது. மேல்கோர்ட்டில் தடை வாங்கியிருக்கிறார். 'பொய் வழக்குன்னு சொல்லி ஓட்டுக் கேளு' என்கிறார் வட்டச் செயலாளர். தீர்ப்பை நான் படித்தேன். அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. கட்சியை விடவும் மனசில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

கொருக்குப்பேட்டை ரவி:
அண்ணே, நான் வேறு கட்சிதான், இருந்தாலும் சொல்கிறேன். 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூருவில் ஜெயலலிதா அம்மாவுக்கு 4 வருஷச் சிறை, 100 கோடி அபராதம் என்றார்கள். எங்கள் தெருவே அழுதது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அடுத்த மாதமே எங்கள் ஆர்.கே. நகரில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தலைமைக்குக் கஷ்டம் வந்த அன்றைக்கு நாங்கள் கொடியைச் சுருட்டி வைத்திருந்தால்?

வியாசர்பாடி செல்வி:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், ரவி. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையையே ரத்து செய்தது. அவர் காலமாகிவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது, அதே வழக்கில் தண்டனை பெற்ற மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். அப்புறம், அந்த இடைத்தேர்தலில் திமுக நிற்கவே இல்லை. அதை மக்கள் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது? ஒரு ரூபாய் இட்லியை நானும் மறக்கவில்லை. ஆட்டோ ஓட்டிய என் அப்பாவுக்குக் காலைச் சாப்பாடு அம்மா உணவகத்தில்தான். நன்றி வேறு, ஓட்டு வேறு.

கொருக்குப்பேட்டை ரவி:
சரி, 2ஜி அலைக்கற்றை ஊழல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் திமுகவின் ராசாவும் கனிமொழியும் திகார் சிறையில். நாடே திருடர்கள் என்றது. 2014இல் ராசா நீலகிரியில் தோற்றார். 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை. அவர்கள் தொண்டர்கள் கூடவே நின்றது தப்பா?

மயிலாப்பூர் வக்கீல்:
தப்பில்லை. அது குற்றச்சாட்டு நிலை, விசாரணை முடியும்வரை நிரபராதி. சேகர் கேட்பது தீர்ப்பு வந்த பிறகு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை என்றால் எத்தனை மாதம் என்ற கணக்கே இல்லை, விடுதலையான பிறகும் 6 ஆண்டு நிற்க முடியாது. மற்ற பெரும்பாலான வழக்குகளில் 2 ஆண்டு தண்டனை வேண்டும். 2013இல் லில்லி தாமஸ் வழக்கின் தீர்ப்பு வரும்வரை, எம்.எல்.ஏ., எம்.பி. பதவியில் இருப்பவர் மூன்று மாதத்தில் அப்பீல் போட்டால் நாற்காலி தப்பிக்கும். இப்போது உடனே போய்விடும்.

சேகர், எது தடை என்று பாருங்கள். தண்டனையை மட்டும் நிறுத்தி வைத்தால் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை கிடைத்தால்தான் போட்டியிட முடியும். தண்டனை பெற்ற திமுகவின் பொன்முடி 2024 மார்ச்சில் மறுபடி அமைச்சரானது அப்படித்தான்.

இன்னொன்று. வழக்குள்ளவரை ஏன் நிறுத்துகிறோம், வழக்கில்லாதவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சியே எழுதி வெளியிட வேண்டும் என 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜெயிப்பார் என்பது மட்டும் காரணம் ஆகாது. எத்தனை தொண்டர்கள் அதை வாங்கிப் படிக்கிறார்கள்?

தண்டையார்பேட்டை சேகர்:
உத்தரவைப் பார்த்துவிட்டேன், சார். தீர்ப்புக்கே தடை இருக்கிறது. அவர் நிற்கலாம். எனக்கு அதில் சமாதானம் வரவில்லை. வாக்குப்பதிவு அன்று பூத்தில் உட்காருவேன், கள்ள ஓட்டு விழாமல் பார்ப்பது என் கடமை. வீடு வீடாகப் போய்ப் பொய் வழக்கு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

கொருக்குப்பேட்டை ரவி:
பூத்தில் உட்கார்ந்து, வாசலில் பேசமாட்டேன் என்றால் அது பாதி விசுவாசம் அண்ணே. எதிரி அதைத்தான் பிடித்துக்கொள்வான்.

வியாசர்பாடி செல்வி:
பொய் சொன்னால்தான் முழு விசுவாசமா? சேகர் அண்ணன் கட்சிக்கு உழைக்கிறார், ஒரு ஆளுக்கு இல்லை. சீட்டு இன்னும் அறிவிக்கவில்லையே, வேறு ஆளைப் போடச் சொல்லி இப்போதே கேளுங்கள் அண்ணே.

தண்டையார்பேட்டை சேகர்:
ஞாயிற்றுக்கிழமை பகுதிக் கூட்டம். எழுந்து கேட்கப் போகிறேன். நான் சொல்வதைக் கேட்காமல் அவரையே நிறுத்தினால், வாசலில் யாராவது 'இவர் மேல கேஸ் இருக்காமே' என்றால் 'ஆமாம், தண்டனை ஆச்சு, தடை இருக்கு, அப்பீல் நடக்குது' என்று உள்ளதைச் சொல்வேன்.

கொருக்குப்பேட்டை ரவி:
ஓட்டுப் போகும் அண்ணே.

தண்டையார்பேட்டை சேகர்:
போகும், ரவி. அடுத்த தேர்தலுக்கும் அதே வாசலுக்கு நான்தானே போக வேண்டும்.