வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்கு எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது?

மேடவாக்கம்_பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார் ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகத்துக்குப் போய் வருவதுதான் அதன் முக்கிய வேலை. ஒரு வழிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர்தான் என்றாலும், காலை நெரிசலில் அதற்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. வார இறுதியில் கடைக்கும் கோயிலுக்கும் எடுப்பதையும் சேர்த்தால், ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. கடந்த முறை மாற்றிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு ஓடியது 3,700 கிலோமீட்டர். இன்னும் பாதிகூட ஓடாத ஆயிலை ஏன் கொட்ட வேண்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தெருமுனைப் பட்டறைக்காரரோ எந்தக் காராக இருந்தாலும் 5,000 கிலோமீட்டர்தான் கணக்கு என்கிறார். அதோடு, நம் ஊர் வெயிலுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் 0டபிள்யூ-20 கிரேடு ஆயில் மிகவும் தண்ணியாக இருக்கும், அதை விடக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றலாம் என்றும் சொல்கிறார்.

ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன். மாற்றிய புதிதில் தேன் நிறத்தில் இருந்த ஆயில் இப்போது இரண்டாம் டிகாஷன் நிறத்துக்கு வந்திருக்கிறது. அளவு மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சென்ற சர்வீஸ் ரசீதை எடுத்துப் பார்த்தபோது ஆயிலுக்கு மட்டுமே பணம் வாங்கியிருந்தார்கள். ஆயிலை வடிகட்டும் ஃபில்டரை மாற்றியதாக அதில் இல்லை. ஃபில்டரை ஒரு முறை விட்டு ஒரு முறை மாற்றினால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

அம்பத்தூர்_பட்டறை

ஐயா, இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கேள்வி சரியான கேள்வி. கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் நியாயம்போலத் தோன்றும். ஆனால் ஆயிலுக்குத் தெரிவது கிலோமீட்டர் அல்ல, எஞ்சின் ஓடிய நேரமும் அது ஓடிய விதமும்தான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் என்றால், சராசரி வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். அலுவலகப் பயணம் மட்டும் ஆண்டுக்கு 3,200 கிலோமீட்டர் என்று வைத்தால், எஞ்சின் ஏறக்குறைய 230 மணி நேரம் ஓடியிருக்கிறது. திருச்சி நெடுஞ்சாலையில் சராசரி 65 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எஞ்சின் ஓடியதோ சுமார் 154 மணி நேரம்தான். நீங்கள் குறைவாக ஓட்டியதாக நினைக்கும் காரின் ஆயில், அந்த நெடுஞ்சாலைக் காரின் ஆயிலை விட ஒன்றரை மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மீட்டர் நகராது. ஆனால் எஞ்சினுக்குள் ஆயில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்று, ஈரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும் என்றாலும், சிறு பகுதி சிலிண்டரை அடைத்து நிற்கும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலோடு சேர்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் அது மீண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். தினமும் குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் அது தங்கி, எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை முறிப்பதற்கென்று ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது. கையேட்டில் கிலோமீட்டரோடு மாதத்தையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். ஆகவே ஓர் ஆண்டு முடிந்ததும் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கரியையும் அழுக்கையும் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. அது கறுப்பது அந்த வேலையைச் செய்வதற்கு அடையாளம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். தேன் நிறம் மாறாமல் இருப்பதை வைத்து ஆயில் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

ஃபில்டர் விஷயத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு டம்ளர் அளவுக்குக் கறுத்த ஆயில் வடியும். அதை மாற்றாமல் விட்டால், நீங்கள் காசு கொடுத்து ஊற்றும் புது ஆயில் முதல் நிமிடத்திலேயே அதோடு கலந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதம் அடைத்துக்கொண்டால், எஞ்சினுக்கு ஆயில் நின்றுபோகாமல் இருக்க ஒரு வால்வு திறந்துகொள்ளும். அதன் பிறகு வடிகட்டப்படாத ஆயில்தான் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். பட்டறைக்கு வந்த கார் ஒன்றின் ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோது, காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, விரலால் தொட்டால் தார்போலப் பிசுபிசுத்தன. மூன்று முறை ஆயில் மாற்றியும் ஃபில்டரை மாற்றாமல் ஓட்டிய வண்டி அது. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக அந்த நிலைக்கு எஞ்சினைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

கோவை_டீசல்

அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் சிறிய திருத்தம். ஈரம் தங்கும் சிக்கல் குளிர்நாடுகளில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் கார்களுக்குத்தான் மிக அதிகம். சென்னை வெயிலில் அரை மணி நேரம் ஓடும் எஞ்சினில் ஆயில் ஓரளவு நன்றாகவே சூடேறிவிடும். கேள்வி கேட்டவரின் காருக்கு ஈரத்தை விட நெரிசலில் நின்று ஓடும் நேரமும் வெப்பமும்தான் பெரிய எதிரிகள் என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் பூசியதுபோல இருந்தால் மட்டும் ஈரத்தைப் பற்றி யோசிக்கலாம். நீண்ட பயணம் ஒன்றுக்குப் பிறகும் அது போகாவிட்டாலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

5,000, 10,000 என்ற இரண்டுமே கையேட்டிலேயே இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை ஒன்று பெரும்பாலான கையேடுகளில் உண்டு. 8 கிலோமீட்டருக்கும் குறைவான தொடர் பயணங்கள், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெரிசலில் ஓட்டுவது, நெடுநேரம் நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடுவது, புழுதிச் சாலை என்று அதில் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். படித்தால் சென்னையைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கும். அந்த நிலையில் இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறைகிறது. அந்த அட்டவணையில் மாதக் கணக்கும் குறைக்கப்படாமல் இருந்தால், உங்களுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்பது பொருந்தும். நீங்கள் 4,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவதால், ஆண்டுக்கு ஒரு முறை என்ற பதிலிலேயே வந்து நிற்கிறீர்கள்.

என்னுடையது பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார். கோவைக்கும் மதுரைக்கும் மாதம் பலமுறை போய்வருவதால் ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுகிறேன், இதுவரை குறையில்லை. ஆனால் சென்ற ஆண்டு இரண்டு மாதங்கள் ஊருக்குள்ளேயே ஓட்ட வேண்டி வந்தபோது, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்ததைக் கண்டேன். யாரும் ஆயில் ஊற்றவில்லை. சைலன்சர் வழியில் உள்ள வடிகட்டியில் சேரும் புகைக்கரியை எரித்துச் சுத்தம் செய்வதற்காக வண்டி கூடுதலாக டீசலைத் தெளிக்கும். அந்த வேலை பாதியில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேர்ந்துவிடுகிறது. முகர்ந்து பார்த்தபோதே டீசல் வாடை தெரிந்தது. அப்போது ஓடியிருந்தது 6,000 கிலோமீட்டர்தான் என்றாலும் உடனே மாற்றினேன். அளவு குறைவதை எல்லோரும் பார்ப்பார்கள். டீசல் வைத்திருப்பவர்கள் ஏறுவதையும் பார்க்க வேண்டும்.

மேடவாக்கம்_பயணி

இருவருக்கும் மிக்க நன்றி. கையேட்டை மீண்டும் புரட்டினேன். கோவை நண்பர் சொன்ன கடுமையான பயன்பாட்டு அட்டவணை அப்படியே இருக்கிறது, மூன்று ஆண்டுகளாக என் கண்ணில் படவில்லை. இந்தச் சனிக்கிழமையே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறேன். 20டபிள்யூ-40 பற்றி மட்டும் அம்பத்தூர் ஐயா சொல்ல வேண்டும். கெட்டியான ஆயில் வெயிலுக்கு நல்லதுதானே என்று எனக்கும் ஓர் எண்ணம் இருக்கிறது.

அம்பத்தூர்_பட்டறை

கோவைத் தம்பி சொன்ன திருத்தம் சரிதான். ஆண்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

20டபிள்யூ-40 என்பது அம்பாசடர், பத்மினி கார்கள் ஓடிய காலத்துப் பழக்கம். 5,000 என்ற கணக்கும் மினரல் ஆயிலோடு அந்தக் காலத்திலிருந்து வந்ததுதான். டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி வெப்பத்தில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. வெளியே ஊட்டிக் குளிராக இருந்தாலும் சென்னை அக்னி நட்சத்திரமாக இருந்தாலும், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் எஞ்சின் சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஊர் வெயிலுக்காகக் கெட்டி ஆயில் தேவையில்லை. உங்கள் எஞ்சினில் பேரிங் இடைவெளியும், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புக்கு ஆயில் போகும் நுண்ணிய வழிகளும் 0டபிள்யூ-20 ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டவை. கெட்டியான ஆயில் காலையில் வண்டியை எடுத்ததும் மேலே ஏறத் தாமதமாகும். எஞ்சின் அதிகம் தேய்வது அந்த நேரத்தில்தான். மைலேஜும் குறையும். கையேட்டில் அனுமதித்திருக்கும் கிரேடைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

சனிக்கிழமை பக்கத்திலேயே நின்று பாருங்கள். வண்டி சூடாக இருக்கும்போது ஆயிலை இறக்கினால் கசடும் சேர்ந்து இறங்கும். ஆயிலை இறக்கத் திறக்கும் டிரெயின் நட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் சிறிது ஆயில் தடவி, கையாலேயே முறுக்கினால் போதும். ஆனால் பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்துவிட்டால் ஓடும்போது ஆயில் முழுவதும் கொட்டிவிடும். ஆயில் டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை வாங்கி ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அது பயன்படாது. கையேட்டில் சொன்ன அளவை ஊற்றி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சமதரையில் டிப்ஸ்டிக் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையில், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் சரி. ஆயில் குறைகிறதா ஏறுகிறதா என்று இனி மாதம் ஒரு முறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.