மறு: பிளாஸ்டிசைசர் – நெகிழியாக்கியா, நெகிழ்வூட்டியா?

அன்புள்ள ஐயா,

நம் கட்டுரையில் 'பிளாஸ்டிசைசர்' என்பதற்கு 'நெகிழியாக்கி' என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை. நெகிழி என்றால் பிளாஸ்டிக். நெகிழியாக்கி என்றால் எதையோ பிளாஸ்டிக்காக மாற்றுவது என்றாகிவிடும். பிவிசி ஏற்கெனவே பிளாஸ்டிக்தானே? வீட்டுத் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. அதை ரத்தப் பை அளவுக்குத் துவள வைக்க தாலேட் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த, எண்ணெய்ப் பதமான டிஇஎச்பி-யைப் பிளாஸ்டிசைசராகக் கலக்கிறார்கள். பையின் பிளாஸ்டிக் எடையில் சுமார் 30 முதல் 40 சதவீதம் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் சேர்வதே இல்லை. சங்கிலி மூலக்கூறுகளின் இடையே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவே. கட்டுப்படாமல் கிடப்பதால்தான் வெளியே கசிகிறது. தண்ணீரில் அதிகம் இறங்காது. ரத்தம், பால், எண்ணெய் என்று கொழுப்புள்ளது பட்டால் இறங்கிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே நேரத்தில் இப்படிப்பட்ட பல பிவிசி குழாய்கள் மாட்டிய குறைமாதக் குழந்தைக்கு, உடல் எடையோடு ஒப்பிட்டால், போய்ச் சேரும் அளவு மிக அதிகம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-லேயே ஆண் சிசுக்கள் விஷயத்தில் மருத்துவமனைகளை எச்சரித்தது. ஆய்வக எலிகளில் ஆண் குட்டிகளின் விரை வளர்ச்சி கெட்டதே காரணம். மனிதர்களில் சான்று அந்த அளவுக்கு உறுதியாகவில்லை. இந்த வேறுபாட்டை நம் கட்டுரை மறைக்கக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை 'நெகிழ்வூட்டி'. சுவையூட்டி, நிறமூட்டி வரிசையில், வெளியிலிருந்து சேர்த்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது. சேர்த்தது கசியும் என்றால் வாசகர் நம்புவார்.

\*\*\*

தம்பி,

'ஊட்டி' என்றால் ஏதோ சத்து ஊட்டுவது போல நல்ல வாடை அடிக்கிறதே! உடலுக்குக் கேடு என்று சந்தேகப்படும் பொருளுக்கு அது பொருந்துமா? 'இளக்கி' போதாதா? நான்கே எழுத்து.

\*\*\*

ஐயா,

இளக்கி என்றதும் படிப்பவருக்கு மலமிளக்கிதான் நினைவுக்கு வரும். அப்புறம், நல்ல வாடை கொஞ்சம் அடிக்கட்டும். ரத்தப் பையில் கசியும் இதே டிஇஎச்பி சிவப்பணுக்களின் சவ்வில் சேர்ந்து, சேமிப்பில் அவை உடைவதைக் குறைக்கிறது. ஐரோப்பாவில் பொம்மைகளில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதித்த பிறகும், ரத்தப் பையிலிருந்து அதை விலக்க இவ்வளவு தயங்குவது இதனால்தான். கேடு என்பதைப் பெயரில் ஏற்றினால் இந்தப் பத்தியை எழுதவே முடியாது.

'தாலேட்' அப்படியே இருக்கட்டும், சரிதானே? வேதிப்பெயர்களை மொழிபெயர்க்கப் புகுந்தால் இந்த மடல் இழை முடியாது.